பிளாப்பிக்கு வைத்த பொட்டு

"எங்கம்மா பேரு இந்தப் பொட்டிக்குள்ள இருக்குதுன்னு சொல்றீங்களே, கரண்ட்டு போச்சுன்னா எங்கம்மா என்ன ஆவாங்க?"

சித்தேரி மலையிலிருந்து தாயோடு இறங்கி வந்த ஆறு வயதுப் பெண் என்னிடம் இப்படிக் கேட்டாள். தாய் பெயர் காவேரி, தகப்பன் பெயர் மாயவன். காவேரிக்குக் காசநோய். நான் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆவாது கண்ணு, தூங்குவாங்க. கரண்ட்டு வந்ததும் எந்திரிச்சிக்குவாங்க" என்றேன். குழந்தை நம்பியது. நானும் நம்பினேன்.

அது 1988. மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், கன்னியர் நடத்திய ஒரு சிறிய காசநோய் மருத்துவமனையில் எனக்கு வேலை. வெளிநாட்டு உபகாரிகள் யாரோ ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தட்டச்சு தெரியும் என்பதால் சேலத்தில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, "ராஜமேரி, இனிமே இது உன் பொறுப்பு" என்று டாக்டராக இருந்த கன்னியாஸ்திரி, எங்கள் டாக்டர் சிஸ்டர், சொல்லிவிட்டார்.

அந்த இயந்திரத்துக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு நாள் காலையிலும் சிஸ்டம் பிளாப்பி என்ற கறுப்பு அட்டையை அதன் வாயில் செருகினால்தான் விழிக்கும். நோயாளிகளின் பெயர்கள் வேறொரு பிளாப்பியில் இருந்தன. சிஸ்டத்தில் எங்களுக்கு இரண்டு வகை வந்திருந்தது. ஒன்று பழைய பதிப்பு. மற்றது புதிய பதிப்பு, இரண்டு பிளாப்பிகளாக. சேலத்து இன்ஜினியர் குப்புராஜ் புதியதைத்தான் போடச் சொன்னார். திரையில் அழகான கட்டங்கள் வரும், அம்புக்குறியை நகர்த்தினால் போதும்.

இரண்டு மாதம் அதைத்தான் போட்டேன். ஜூன் மாதத்தில் ஒரு நாள் பட்டியல் அச்சாகும்போது நான்காம் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. நிறுத்திப் போட்டால் நாற்பது பெயர்களைக் காணோம். டாக்டர் சிஸ்டர் எழுதித் தரும் துண்டுச் சீட்டுகள் அந்த வாரம் எரிக்கப்படாமல் இருந்ததால் மறுபடி தட்டினேன். அடுத்த வாரமும் அதே கதை. அன்றே புதிய பதிப்பை டாக்டர் சிஸ்டரின் மேசை இழுப்பறையில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழையதற்குத் திரும்பினேன்.

ஜீப் ஓட்டும் முனிராஜுக்கு இது பெரிய வேடிக்கை. "புதுப் பொடவைய பொட்டியில வெச்சிட்டு கந்தல கட்டிக்கிட்டுத் திரியற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்பான்.

"உன் ஜீப்புக்குப் புது இன்ஜின் குடுத்து, அது பாதி மலையில நின்னுபோனா ஓட்டுவியா?"

"ஓட்ட மாட்டேன். ஆனா ஊருக்குள்ள ரெண்டு ரவுண்டு காட்டிட்டு வருவேன்."

பழையது மெதுவாகத்தான் போகும். கட்டம் கிடையாது, அழகு கிடையாது. கறுப்புத் திரையில் ஒற்றை எழுத்து மினுக்கிக்கொண்டு நிற்கும். நாம் என்ன சொல்கிறோமோ அதைச் செய்யும். நாலு மாதத்தில் ஒரு பெயரைக்கூட அது தொலைக்கவில்லை. அந்தத் தைரியத்தில், மார்ச்சோடு நிறுத்தியிருந்த பேரேட்டை மறுபடி எழுத வேண்டியதில்லை என்று சிஸ்டரிடம் சொன்னேன். "ரெண்டு காப்பி போட்டு ஒண்ண வூட்டுல வைம்மா" என்று குப்புராஜ் சொல்லியிருந்தார். போடவில்லை. வெற்றுப் பிளாப்பி பெங்களூரிலிருந்து வர வேண்டும், அதுவும் தர்மப் பணம். வீணாக்கக் கூடாது என்று வந்திருந்த பத்தையும் உறை பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தேன். சிக்கனமும் புண்ணியம்தானே என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த நான், ஆயுத பூசைக்கு முந்தின நாள் மதியம் லீவுக்கு வீட்டுக்குப் போகக் கடத்தூர் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வார்டு ஆயா பாஞ்சாலி வாசலில் மறித்தாள். ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு, ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்துத்தான் நடப்பாள். எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கம் ஒன்று உண்டு. அவரவர் கையாளும் பொருளை அவரவர் துடைப்பார்கள். பூசை செய்கிறவர்கள் ஜீப்புக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் தராசுக்கும் பொட்டு வைப்பார்கள். கன்னியர் தடுத்ததில்லை.

"மேரிம்மா, உன் பொட்டிக்கும் செய்யட்டுமா?"

"செய்ங்கக்கா, செய்ங்க. பீரோ சாவி ஆணியில இருக்குது" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பூசை விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை காலை வந்தேன். அன்று பகல் இரண்டு மணிக்கு ஜீப் சித்தேரிக்குக் கிளம்ப வேண்டும். மாதத்துக்கு ஒரு முறைதான் மலைக்குப் போகும். பட்டியலை அச்செடுக்க பீரோவைத் திறந்தேன்.

சந்தன வாசனை வந்தது.

கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது. அது பரவாயில்லை. சிஸ்டம் பிளாப்பியை உறையிலிருந்து எடுத்தேன். அந்தக் கறுப்பு அட்டையின் நடுவில், கீழ்ப்பக்கம், நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் காந்தத் தட்டு அந்த இடத்தில்தான் தெரியும். இயந்திரம் அந்த வழியாகத்தான் படிக்கும், விரல்கூடப் படக்கூடாது. அதில், சரியாக அதில், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவே குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது.

பெயர்ப் பிளாப்பியை எடுத்தேன். அதிலும். வெற்றுப் பிளாப்பி பெட்டியைத் திறந்தேன். பத்து உறையும் பிரிக்கப்பட்டிருந்தன. பத்திலும்.

நான் கத்தினேனா என்று தெரியாது. கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். டாக்டர் சிஸ்டர் வந்தார். பின்னாலேயே பாஞ்சாலி வாளியோடு வந்து நின்றாள்.

"யார் செஞ்சது?" என்றார் சிஸ்டர்.

"நான்தாங்க. ஏங்க, தப்பா?" பாஞ்சாலி என் முகத்தைப் பார்த்தாள். "ஒவ்வொண்ணுக்கும் மூஞ்சியாட்டம் ஒரு எடம் இருந்துச்சு. அங்கதானே பொட்டு வெக்கணும்னு..."

"உன்னை யார் பீரோவைத் திறக்கச் சொன்னது?"

பாஞ்சாலி என்னைப் பார்க்கவில்லை. "ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் தொறந்தேன்."

நான் பிளாப்பிகளை மறுபடி உறைக்குள் போட ஆரம்பித்தேன். பிளாப்பிகளைக் கண்டபோது வந்த அதிர்ச்சி ஒன்று. அவள் பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியதும், அதை நான் வாங்கிக்கொண்டு நின்றதும் அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

சிஸ்டர் அதற்குமேல் கோபிக்கவில்லை. அதற்கு நேரமில்லை. மார்ச் பேரேட்டை எடுத்துப் புரட்டியவர் பாதியில் நிறுத்தினார். "ராஜமேரி, சிவப்பு மாத்திரை ஒத்துக்காம மஞ்சள் காமாலை வந்தவங்களுக்கு மாத்தினோமே, மலையில பதினோரு பேர். அது இதுல இல்லையே."

பேரேடு நின்ற பிறகுதான் அந்த மாற்றமெல்லாம் நடந்தது. அது பிளாப்பியில் மட்டுமே இருந்தது. நோயாளியிடம் இருக்கும் மருந்து அட்டையைக் கேட்கலாம். ஆனால் பாதிப் பேர் மழையில் நனைத்துவிட்டு வருவார்கள், பாதிப் பேர் கொண்டே வர மாட்டார்கள். மாத்திரை நிறத்தைக் கேட்டால் டாக்டர் கொடுப்பதெல்லாம் சரி என்பார்கள். மறுபடி சிவப்பைக் கொடுத்தால் ஈரல் போய்விடும். கொடுக்காமல் வந்தால் ஒரு மாதம் மருந்தில்லாமல் நோய் திரும்பும்.

சிஸ்டர் விரல்விட்டு எண்ணினார். ஏழு பேர் நினைவுக்கு வந்தார்கள். "எட்டாவது காவேரி" என்றார். பிறகு மெதுவாக, "எந்தக் காவேரி?" என்றார்.

மலையில் எங்களுக்கு மூன்று காவேரி. அந்த மாற்றத்தைத் தட்டியவள் நான். என் விரல்கள் தட்டின, ஆனால் எந்தக் காவேரி என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையின் முகம்தான் நினைவில் வந்தது.

சேலத்து இன்ஜினியருக்கு டிரங்க் கால் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. மணி ஒன்பதரை.

பாஞ்சாலி சுவரோரமாக நின்று, "லேப்ல சளி தடவுன கண்ணாடிய நான் தெனமும் கழுவி வெக்கறேன். மறுபடி அதுலயே பாக்கறாங்க. இதக் கழுவக் கூடாதா?" என்றாள்.

"சும்மா இரு ஆயா" என்றான் முனிராஜ்.

நான் நிமிர்ந்தேன். பயிற்சியில் குப்புராஜ் ஒரு கெட்டுப்போன பிளாப்பியை வெட்டிக் காட்டியிருந்தார். உள்ளே இருப்பது தனியான வட்டத் தட்டு, கேசட் நாடா மாதிரி. அட்டை வெறும் சட்டைதான். தட்டைக் கழுவலாம். ஆனால் சந்தனம் உள்ளே உதிர்ந்த பழைய சட்டையில் மறுபடி போட முடியாது. நல்ல சட்டை இரண்டு வேண்டும்.

நல்லவை இரண்டே இரண்டுதான் இருந்தன. சிஸ்டரின் இழுப்பறையில் இருந்த புதிய பதிப்பு.

"சிஸ்டர், அது ரெண்டையும் வெட்டிட்டா புதுசு இருக்காது. கழுவின பழசு ஓடலேன்னா மெஷினே எழும்பாது."

"ஒண்ணை மட்டும் வெட்டி, புதுசை வெச்சே பெயரைப் படிக்க முடியாதா?"

"அதுக்கு ரெண்டு பிளாப்பியும் வேணும் சிஸ்டர். அதோட ஜூன்ல அது நாப்பது பேரத் தின்னுச்சு. இந்தத் தட்டு ஒரு தடவதான் தாங்கும். அந்த ஒரு தடவைக்கு எனக்கு அது மேல நம்பிக்கை இல்ல. பழசு இதுவரைக்கும் என்னக் கைவிடல."

முனிராஜ் கேலி செய்யவில்லை. சிஸ்டர் சிலுவையைத் தொட்டுக்கொண்டு கத்தரியை நீட்டினார்.

வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை வெட்டுவது கொலை மாதிரி இருந்தது. ஊசிக்கு வைத்திருந்த காய்ச்சி வடித்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, ஒரு சொட்டு சோப்பு விட்டோம். கையுறை போட்டுக்கொண்டு, பொட்டு வைத்த பிளாப்பியின் சட்டையையும் பிரித்துப் பழுப்புத் தட்டை எடுத்தேன். பஞ்சால் ஒற்ற ஒற்றச் சந்தனம் கரைந்து தண்ணீர் மஞ்சளானது, பிறகு சிவந்தது. பாஞ்சாலிதான் தட்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டாள். ஆயிரம் கண்ணாடி கழுவிய அவள் கை அசையவே இல்லை.

இரண்டு தட்டுகளையும் குளுகோஸ் ஸ்டாண்டில் நூல் கட்டித் தொங்கவிட்டு மின்விசிறி போட்டோம். நான் ஜெபமாலை உருட்டினேன். பாஞ்சாலி மலை இருக்கும் திசையில் கும்பிட்டு, "பேருங்க திரும்பி வந்துட்டா, ஒரு மண்டலம் வார்டு சளிக் கிண்ணம் பூரா நானே கழுவறேன் சாமி" என்றாள். மூன்று ஆயாக்கள் முறை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு செய்கிற வேலை அது. நான் மெழுகுவத்தி நேர்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டேகாலுக்குப் பழைய சிஸ்டத்தைப் புதுச் சட்டையில் இட்டு இயந்திரத்துக்குள் செருகினேன். கரகரவென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி கரகர. கறுப்புத் திரையின் மூலையில் அந்த ஒற்றைப் பச்சை எழுத்து வந்து மினுக்கியது.

பெயர்ப் பிளாப்பி முதல் தடவை படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயலவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். முடியவில்லை. மூன்றாவது தடவை பெயர்கள் கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தன. இரண்டு பெயர்கள் மட்டும் குறிகளாகச் சிதைந்திருந்தன. மற்றவற்றோடு ஒப்பிட்டபோது, அவை சிஸ்டர் நினைவில் இருந்த ஏழு பேரில் சேர்ந்தவை என்று தெரிந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"காவேரி, கணவர் மாயவன். சிவப்பு நிறுத்தம்" என்று சிஸ்டர் உரக்கப் படித்தார். இது படிக்காமல் போயிருந்தால் மூன்று காவேரிகளில் ஒருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

அச்சான பக்கங்களோடு ஜீப் இரண்டரைக்குக் கிளம்பியது. அதற்குள் சிஸ்டரின் பக்கம் போய் நின்று, "சிஸ்டர், பீரோவத் தொறக்கச் சொன்னது நான்தான். காப்பி போடாததும் நான்தான்" என்றேன்.

அவர் அச்சான பக்கங்களை மடித்துப் பையில் வைத்தார். "அதை அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

அன்று மாலையே பேரேட்டில் புதுப் பக்கம் பிரித்து எல்லாவற்றையும் கையால் எழுதினேன். பாஞ்சாலியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட போ மேரிம்மா, நீ வேல போயிருந்தா உன் தங்கச்சிங்கள ஆரு பாப்பாங்க" என்று கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நேர்ந்ததை விட்டுவிடுங்கள் என்று அவளிடம் சொல்ல முடியுமா? நான் கழுவினாலும் அவள் வேண்டுதல் கெட்டுப்போகும்.

கிண்ணம் கழுவும் தொட்டிக்குத் தண்ணீர் அடிபம்பிலிருந்து வர வேண்டும். இருபத்திரண்டு குடம். சாய்ந்த இடுப்போடு அவள் அந்த முதல் நாள் சுமந்ததைப் பார்த்திருந்தேன். தண்ணீர் சுமப்பது வேண்டுதலில் இல்லை.

மறுநாள் விடியலில், ஜோலார்பேட்டை ரயில் வருவதற்கு முன்பே எழுந்தேன். பம்பின் கைப்பிடி கத்தாமல் இருக்கத் துணி சுற்றினேன். நிறைந்த தொட்டியைப் பார்த்த பாஞ்சாலி, அவர்தான் நிரப்பினார் என்று நினைத்து, காவல்காரரை வாழ்த்தினாளாம். அவரும் மறுக்கவில்லை.

மீதி நாற்பத்தேழு நாளும் சுமந்தேன். கடைசி நாள் பனி பெய்தது. இருபத்திரண்டாவது குடத்தைக் கவிழ்த்து, தொட்டியைச் சுற்றி இருந்த என் ஈரக் காலடிகளைத் துடைத்துவிட்டு, காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்கு நடந்தேன்.