பக்கத்து மேசை ரீடிங்

ரீடிங் தப்பாக வந்தால் பக்கத்து மேசையில் பார்த்து எழுதிக்கொள்வது கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஒரு குற்றமாகவே தோன்றியதில்லை. அவர் படித்ததும் அப்படித்தான், சாதாரணப் பாடத்திட்டத்தில் இத்தனை வருடம் பாடம் எடுத்ததும் அப்படித்தான். பிராக்டிகல் என்று ஒன்று நடக்கும். வகுப்பில் எவளாவது ஒருத்திக்குச் சரியான விடை வரும். சாயங்காலத்துக்குள் எல்லா ரெக்கார்டு நோட்டிலும் அதே எண்கள் ஏறிவிடும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். யார் குடி முழுகிப்போயிற்று?

பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு சர்வதேச டிப்ளமா வந்து சேர்ந்தது. அதில் தேறிவிட்டால் கல்லூரியில் முதல் வருடப் பாடங்களில் பாதியைப் படித்து முடித்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்வார்கள். சும்மாவா கொடுப்பார்கள்? ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஓர் ஆய்வு செய்து எழுதவேண்டும், ரீடிங் சொந்தமாக எடுத்ததாக இருக்கவேண்டும் என்று டீச்சருக்குப் பயிற்சியில் சொன்னார்கள். டீச்சர் தலையாட்டினார். தலையாட்ட என்ன செலவு?

அந்த வகுப்பில் ஒரு நர்ஸின் மகள் இருந்தாள். இருக்கிற இடம் தெரியாத பெண், ஆனால் வேலை படு சுத்தம். டிப்ளமாவோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு நல்ல கல்லூரி அவளுக்குச் சொல்லியிருந்தது. டிப்ளமா இல்லையென்றால் அந்த இடமும் இல்லை. பழச்சாற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அவள் தோழிக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

தோழிக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. இவளுக்கோ, சூடாக்கச் சூடாக்க வைட்டமின் கூடிக்கொண்டே போனது. பாவம், மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். தப்பு அவளிடம் இல்லை. வைட்டமினை அளக்கும் அயோடின் கரைசலை ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு புட்டியாக அவளுக்குக் கலக்கிவைத்தவர் டீச்சர், புட்டிக்குப் புட்டி அளவைக் கோட்டைவிட்டவரும் அவரே. அது தெரிந்தபோது ஆய்வைச் சமர்ப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிராயரைத் திறந்து, தோழி தன் ரீடிங்குகளை எழுதிக் கொடுத்துவைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார்.

"இதைப் பார்த்து எழுதிக்கோ. ரெண்டு பேரும் ஒரே ஜூஸ்தானே பண்ணீங்க."

"பரவாயில்லையா மிஸ்?"

"நான்தானே சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் எழுதினாள்.

தேர்வு வாரியத்தின் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை. இரண்டு ஆய்விலும் ஒரே எண்கள் என்று பிடித்துவிட்டது. விளக்கம் வேண்டும் என்று வாரியம் கேட்டது. டிப்ளமாவுக்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பாளர் டீச்சரை முதலில் தனியாக அழைத்தார்.

"தப்பா வந்த ரீடிங்கையே வச்சு, ஏன் தப்பாச்சுன்னு எழுதியிருந்தாலே மார்க் கிடைச்சிருக்கும் மேடம். அதுதானே இந்தப் படிப்போட அழகு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டீச்சரே எடுத்துக் குடுத்தாங்கன்னு வந்துச்சுன்னா, உங்ககிட்ட படிச்ச எல்லாரோட மார்க்கையும் தோண்டுவாங்க. உங்களையும் சும்மா விடமாட்டாங்க. யோசிச்சுப் பேசுங்க."

மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று டீச்சர் தன்னையே கேட்டுக்கொண்டார். அடடா, என்ன கரிசனம்! முதலில் நினைவுக்கு வந்தது தன் வேலைதான், பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள்.

"அவளுக்கு எதுவும் தெரியாது சார்" என்று முதலில் தோழியைக் காப்பாற்றினாள். "மிஸ்தான் எடுத்துக் குடுத்தாங்க."

ஒருங்கிணைப்பாளர் டீச்சரைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பயமே இல்லாமல் பார்த்தாள். மிஸ் இதோ சொல்லிவிடுவார், இந்தத் தொல்லை முடிந்துவிடும் என்று முழுசாக நம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்படிக் குடுத்ததா எனக்கு ஞாபகம் இல்லை" என்றார் டீச்சர்.

"அப்படின்னா தாள் உன் கைக்கு எப்படி வந்துச்சு? மேடத்தோட டிராயரைத் திறந்தியா?"

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. காப்பியடித்தாள் என்பதோடு போகும் என்று நினைத்திருந்தார், திருடி என்று ஆகும் என்று நினைக்கவில்லை. வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

கெமிஸ்ட்ரிக்கு மதிப்பெண் இல்லை என்று முடிவு வந்தது. ஒரு பாடம் போனால் டிப்ளமாவே போயிற்று. கல்லூரியும் கையை விரித்துவிட்டது. தோழிக்கு ஒரு குறையும் வரவில்லை.

சில நாள் கழித்து, டீச்சர் லேபில் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்தார். டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார், சீருடையைக்கூட மாற்றவில்லை. பின்னால் மகள். அவள் இளைத்துக் கருத்துப்போயிருந்தாள். உண்மை தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார், தலைமுடியைப் பிடித்து உலுக்கப்போகிறார் என்று டீச்சர் நினைத்தார். உள்ளுக்குள் ஒரு மூலையில், உலுக்கட்டும் என்றுகூட இருந்தது.

நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். டிராயரைத் திறந்து எடுக்கிற பிள்ளையா நான் இவளை வளர்க்கலை. பண்ணினதும் இல்லாம, நீங்க குடுத்தீங்கன்னு வீட்லயும் சாதிச்சா. அடிச்சுட்டேன். இத்தனை வருஷத்துல இவமேல நான் கை வச்சதே இல்லை டீச்சர்." மகள் பக்கம் திரும்பினார். "சொல்லுடி."

அந்தப் பெண் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தாள்.

"சாரி மிஸ். உங்க டிராயரை நான்தான் திறந்தேன்."

டீச்சர் குழாயை மூடினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லம்மா" என்றார். "சின்னப் பொண்ணுதானே. இனிமே அடிக்காதீங்க."

நர்ஸுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "உங்க நல்ல மனசு யாருக்கு வரும் டீச்சர்" என்று சொல்லி, இரண்டு கையாலும் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.