பாட்டுப் படத்துக்கு முன்னால்

கொட்டகை வாசலில் கூட்டத்தைப் பார்த்ததுமே கண்ணம்மைக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஐந்து மாதமாக ஓடுகிற பாட்டுப் படம். புதுக்கோட்டையைச் சுற்றி அதன் பாட்டை முணுமுணுக்காத வாய் கிடையாது. அறந்தாங்கியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிப் புளிச்சோற்று மூட்டையோடு வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் பெரிய பெரிய நாடகக் கம்பெனிகள் ஆடிய பழைய கொட்டகை அது. தேக்குத் தூண்களில் கை பட்டுப் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. வந்தவர்களெல்லாம் பாட்டுக் கேட்க வந்தார்கள். கண்ணம்மை புருஷனைப் பார்க்க வந்திருந்தாள்.

பாட்டுப் படத்துக்கு முன்னால் சர்க்காரின் யுத்தப் படம் ஒன்று காட்டினார்கள். பர்மாவை விட்டு ஜனங்கள் காடு மலை தாண்டி நடந்து வருகிற காட்சி. அதில் ஒரு ஆள் கையேந்தித் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான், அவன் நம்ம சேவுகனேதான் என்று அடைக்கப்பன் அரிமளத்து வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டான். அடைக்கப்பன் பங்காளி வீட்டுப் பையன். வாயில் எதுவும் நிற்காது. ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து அவள் புருஷன் சேவுகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. செத்தவன் கணக்கில் வைத்து, தை பிறந்தால் சடங்கைச் செய்து தாலியை வாங்கிவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் மெல்லப் பேச்செடுத்திருந்த நேரம். பங்காளிகள் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாதிப் பேர் ஆமென்றார்கள், பாதிப் பேர் இல்லையென்றார்கள். கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாத முகமா, அவளே பார்த்துச் சொல்லட்டும் என்று கடைசியில் அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாது. இதைப் போய் யாரிடம் சொல்வாள்?

கல்யாணமான மூன்றாம் மாதம் அவன் ரங்கூனுக்குக் கப்பலேறினான். அந்த மூன்று மாதமும் பகலில் அவன் முகப்பில், அவள் அடுப்படியில். அவன் எதிரே வந்தால் கதவோரம் ஒதுங்கித் தரையைப் பார்ப்பாள், அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். ராத்திரி அறைக்குள் வந்ததும் அவனே விளக்கை அணைத்துவிடுவான். அவன் இருமல் தெரியும், புகையிலை வாடை தெரியும், பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது குரல் கொஞ்சம் கம்முவது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆயிரம் பேரில் அடையாளம் சொல்லுவாள். முகம் என்றால், கால் பெருவிரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. போட்டோ பிடிக்கிற வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. என்ன பாவம் செய்தோமோ என்று நினைத்து நினைத்து அவளுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மாமியார் முத்துமாரியம்மாள் கூடவே வந்திருந்தாள். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா என்றால், அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பகலிலேயே ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். பெண்கள் பக்கத்தில், அரைச்சுவரை ஒட்டி உட்கார்ந்ததும் மருமகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியும் ஆத்தா. நீதான் எனக்குக் கண்ணு. நல்லாப் பாத்துச் சொல்லு."

விளக்குகள் அணைந்தன. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. திரையில் விமானம், பீரங்கி, புகை. எவனோ ஒருவன் கணீரென்று பேசிக்கொண்டே போனான். அப்புறம் ஜனங்கள் வந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, சேற்றில் கால். தாடி வைத்தவர்கள், வற்றிப்போனவர்கள். ஒவ்வொருவரும் அவனாக இருக்கலாம் போலிருந்தது. ஒருத்தரும் இல்லை போலவும் இருந்தது. அந்தக் கணீர்க் குரல் வாயை மூடி அவர்களில் ஒருவர் இருமினால்கூடப் போதும் என்று தவித்தாள்.

ஓடைக் கரையில் ஒருவன் குனிந்து கையேந்தித் தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். திரை முழுக்க ஒரு ஆண் முகம், நேராக அவளையே பார்த்தது.

கண்ணம்மையின் தலை தானாகக் குனிந்துவிட்டது.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. பதறிப்போய் நிமிர்ந்தபோது திரையில் யாரோ துரை குதிரை மேல் போய்க்கொண்டிருந்தான். இனிமேல் கேட்டாலும் காட்ட மாட்டார்கள். மாமியாரின் பிடி இறுகியது.

"வந்துட்டானா? அவனா?"

இல்லை என்றால் தை மாதம். தெரியாது என்றால் கட்டின புருஷன் முகம் தெரியாதவள் என்று ஊர் காறித் துப்பும். "அவுகதான் அத்தை" என்றாள்.

கிழவி சத்தமில்லாமல் அழுதாள். இளைத்திருக்கிறானா என்று கேட்டாள். இளைத்துத்தான் இருக்கிறார் என்றாள் கண்ணம்மை. அதற்குள் பாட்டுப் படம் தொடங்கிவிட்டது. கதாநாயகன் தோன்றி வாயைத் திறந்ததும் கொட்டகையே கூடச் சேர்ந்து பாடியது. மீசை வைத்திருக்கிறானா என்றாள் மாமியார். திரையில் பாடுகிறவனுக்கு மீசை இல்லை. வழித்துவிட்டார் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கு, யாரோ ஒருவனை வீட்டுக்குக் கூட்டி வந்துகொண்டிருக்கிறோம் என்று பட்டது.

மாமியார் மணிக்கட்டை விட்டுவிட்டு, இருட்டில் மருமகளின் முகத்தைத் தடவினாள்.

"சின்னப் புள்ளையில கெணத்து மேட்டுல விழுந்தான். அந்தத் தழும்பு தெரிஞ்சுதா?"

கண்ணம்மைக்குத் தழும்பு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். கேள்வி ஆசையில் வந்ததா, சந்தேகத்தில் வந்ததா என்று அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"இங்கிட்டு" என்றாள் கிழவி.

சொரசொரத்த விரல் அவள் நெற்றியில் மெல்ல நகர்ந்து வந்து, குங்குமத்தின் ஓரத்தில் நின்றது.