பக்கத்தில் நிற்க வேண்டியவர்

"அம்மா, நீ படிக்கிறியா, வேலை பாக்குறியா?"

மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் கேட்டது இது. "ரெண்டும்தான்" என்றாள் தாய். "அப்ப உன் மிஸ் யாரு?" என்று குழந்தை விடாமல் கேட்டது. அவளுக்குச் சட்டென்று ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

பொது மருத்துவ மேற்படிப்பில் அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. வார்டில் எல்லாருக்கும் சீனியரக்கா. விடியும் முன்பே வரிசையாகக் கட்டில் கட்டிலாக இரத்தம் எடுக்க வேண்டும். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, தட்டித் தட்டி நரம்பைத் தேடி, ஊசி ஏற்றி, குழாயில் நிரப்பி, அடுத்த கட்டிலுக்கு நகர வேண்டும். பினாயில் நெடியும் இராத்திரி முழுக்க இருமியவர்களின் மூச்சும் கலந்து தொண்டையை அடைக்கும். முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

அன்றைக்குக் குருவியின் கட்டில்களையும் சேர்த்து அவளே பார்த்தாள். குருவி என்றால் முதலாண்டுப் பெண். ஒல்லி உடம்பு, கீச்சுக் குரல். முந்தின நாள் முதல் அவள் ஊசியைத் தொடவே மறுத்தாள்.

முந்தின நாள் நடந்தது இது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்ட ஒரு சுமைதூக்கும் தொழிலாளிக்கு முதுகுவழியாக ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டியிருந்தது. குருவி அதுவரை அதை ஒரே ஒரு முறை தள்ளி நின்று பார்த்திருந்தாள். சீனியரக்கா அவசரப் பிரிவில் மாட்டிக்கொண்டிருந்தாள். குருவி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தாள். "சின்ன வேலைதானம்மா, நீயே பண்ணிடு" என்று பதில் வந்தது. ஊசி நுரையீரலைக் குத்திவிட்டது. தொழிலாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் விலாவில் குழாய் செருகப்பட்டு, மூச்சு விடும்போதெல்லாம் முகம் சுளித்துக்கொண்டு கிடந்தார்.

துறை அறையின் சுவரில் பயிற்சி முறை பெரிய எழுத்தில் மாட்டியிருக்கிறது. முதலாண்டு சீனியரோடு வார்டில். இரண்டாம் ஆண்டு அவசரப் பிரிவிலும் தீவிர சிகிச்சையிலும். மூன்றாம் ஆண்டு இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. தினமும் காலையில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு எல்லாரும் கூடி விவாதிக்கும் வகுப்பு. எந்தச் சிகிச்சையையும் முதலில் பார்க்க வேண்டும், பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது செய்ய வேண்டும், அதன்பிறகே தனியாக. நல்ல முறைதான். ஆனால் பின்பக்கம் பணக்காரர்களுக்கென்று புதுக் கட்டிடம் எழும்பிய நாள் முதல் ஆசிரியர்கள் அங்கேயே குடியேறிவிட்டார்கள். காலை வகுப்பு நின்றுபோனது. அந்த நேரத்தில் குணமாகி வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள்.

அன்று காலை சீனியரக்கா உள்ளே போனபோது அந்த எழுத்துக்குக் கீழேதான் துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பெரியவர்.

"அந்தப் பொண்ண வார இறுதியோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார் நிமிராமல்.

"எதுக்கு சார்?"

"கவனக்குறைவு. படிக்க வந்தவளுக்குப் பொறுப்பு வேணாமா?"

"படிக்க வந்தவளுக்கு யார் சார் சொல்லிக் குடுத்தது?"

"எங்க காலத்துல யாரு கையப் புடிச்சுக் குடுத்தா? நாங்களா கத்துக்கல?"

"நீங்க குத்திக் குத்திக் கத்துக்கிட்ட முதுகெல்லாம் யாரோடது சார்?"

பெரியவர் பேனாவை மூடினார். "இந்த வருசம் உனக்குப் பரீட்சை. மார்க் போடுறவன் நான். அது நினைப்புல இருக்கட்டும்."

அவள் வெளியே வந்தபோது உள்ளங்கையில் நகம் பதிந்திருந்தது. கும்பிட்டுக் கும்பிட்டு வளர்ந்த மனசு அவளுடையது. அந்த மனசு அன்றைக்கு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. இந்த மனிதன் வார்டு நடுவில் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும், ஆண்டவனே.

மதியம் பயிற்சி மருத்துவர்கள் ஓய்வறையில் கூடினார்கள். குருவி மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். வார்டு நர்ஸம்மா யாரிடமும் சொல்லாமல் வந்து அவள் கையில் ஒரு தம்ளர் சூடான பாலைத் திணித்துவிட்டுப் போனார்.

"எல்லாரும் வேலைய நிறுத்திடுவோம்" என்றான் ஒருவன்.

"நோயாளி என்ன பாவம் பண்ணான்?" என்றாள் சீனியரக்கா. "நாம வேலைய நிறுத்த வேணாம். படிக்க ஆரம்பிப்போம்."

"என்னக்கா, தூக்கமில்லாம உளர்றியா?" என்றான் இரண்டாம் ஆண்டுக்காரன். நின்றுகொண்டே தூங்குவதால் அவன் பெயர் குதிரை.

"சுவத்துல எழுதியிருக்கிறபடி நடப்போம். உயிர் போற அவசரம்னா நம்ம கை நிக்காது. மத்தபடி எந்த ஊசியா இருந்தாலும், ஆசிரியர் வந்து பக்கத்துல நின்னாத்தான் தொடுவோம். வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்போம். குருவிய நிறுத்தினா அந்தச் சுவத்துல எழுதினவங்களையும் நிறுத்தட்டும்."

"அப்படின்னா புதுக் கட்டிடத்துல ஃபோன் ஓயாதே" என்றான் குதிரை. அவன் முகத்தில் தூக்கமே இல்லை. "ஐயோ பாவம், மனுசங்க சாப்பிடக்கூட முடியாது."

சிரிப்பு எழுந்தது. அதில் இனிப்பில்லை.

மறுநாள் காலை முதல் அப்படியே நடந்தது. "சார், வார்டுல ஒரு ஊசி. பக்கத்துல நிக்கணும் சார்." அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டால் மறுபடியும் அழைத்தார்கள். மரியாதை குறையாத குரல், ஆனால் விடாத குரல். ஆசிரியர்கள் கோட்டு பறக்கப் புதுக் கட்டிடத்திலிருந்து ஓடி வந்தார்கள். சிலர் கத்தினார்கள். ஓர் இளம் ஆசிரியர் மட்டும் கத்த வந்து, சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, எழுந்திருக்க மறந்துபோனார்.

கடைசியில் பெரியவரே வந்தார். நெஞ்சில் நீர் கோத்த இன்னொருவர் காத்திருந்தார்.

"பக்கத்துல நிக்கணுமா? நானே போட்டுக் காட்டுறேன், பாரு" என்று திரைச்சீலையை இழுத்து மூடினார். உள்ளே அவரும் சீனியரக்காவும் மட்டும். நோயாளி தலையணையில் கவிழ்ந்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் விலாக்களை விரலால் தட்டி ஓசை கேட்டபடி கீழே வந்தார். பல வருசமாகப் பழக்கம் விட்ட விரல். குத்த வேண்டிய இடத்தைத் தாண்டிக் கீழே, ஈரலுக்கு நேராகப் போய் நின்றது. கட்டைவிரலால் அழுத்தி அடையாளம் வைத்தார். அவர் நெற்றியில் வேர்வை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று கேட்ட வரம் இதோ கைக்கெட்டும் தூரத்தில். வாய் திறக்காமல் நின்றால் போதும், அல்லது திரைக்கு வெளியே கேட்கும்படி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முதலாவதற்கு அந்த முதுகு இடம் கொடுக்கவில்லை. இரண்டாவதற்கு நாக்கு தயாராகவே இருந்தது. அப்போதுதான், நினைக்க விரும்பாத ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் முதலாண்டில், புதுக் கட்டிடம் வராத காலத்தில், இப்படியொரு முதுகின் மேல் அவள் விரல் தவறியது. இதே மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் கட்டைவிரலால் அவள் விரலை நகர்த்தினார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் தன் கட்டைவிரலை அவர் விரலின் மேல் வைத்து, ஒரு விலா மேலே நகர்த்தினாள்.

அவர் நிமிரவில்லை. ஊசி இறங்கியது. வைக்கோல் நிறத்தில் நீர் ஏறியது. நோயாளி "வலிக்கலீங்க" என்றார் தலையணைக்குள்.

திரைக்கு அப்பால் கீச்சுக் குரல் ஒன்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது. "சார், குருவி... இல்ல, முதலாண்டு டாக்டர் பேசுறேன். பக்கத்துல நிக்கணும் சார்."

சீனியரக்கா கையுறையைக் கழற்றினாள். இந்த மனிதருக்கு இனி அவள் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. இனிமேல் கூசாமல் சண்டை போடலாம்.