ஆயுத பூஜைக்கு வராத முதலாளி

தவளக்குப்பத்திலிருந்து லாரியோடு வந்த சுமைதூக்கும் ஆட்கள் எல்லோரும் சேர்ந்தும், கமலக்கண்ணன் ஆபீசில் இருந்த ஒரு மவுஸை மேஜையிலிருந்து எடுக்க முடியவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தார்கள். ஒயர் கையோடு வந்துவிட்டது, மவுஸ் அங்கேயே இருந்தது. மேஜையோடு தூக்கலாம் என்றால் மேஜையும் தரையை விடுவதாக இல்லை. "பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கானுங்கபா" என்று ஒருவர் சந்தேகப்பட்டு, அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார். காகிதம் தாராளமாக நுழைந்து மறுபக்கம் வந்தது. ஆக, ஒட்டவில்லை. கனமாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் நல்லவாட்டிலிருந்து படகு இழுக்கிற ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள். ஒரு மானிட்டருக்குக் கயிறு கட்டி இழுத்ததில் கயிறு அறுந்து ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்தார்கள். பக்கத்து வயல்களில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்று முடியைக் கையில் பிடித்தபடியே வேடிக்கை பார்க்க வந்துவிட்டதால், அன்றைய நடவு பாதியில் நின்றது.

கமலக்கண்ணன் வில்லியனூர் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பாகூர் சாலையில் முகூர்த்தம் கிடைக்காமல் ஈயடித்துக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாங்கி, பந்தி போடும் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் போட்டு ஆபீஸ் ஆக்கினார். வெளிநாட்டில் யாரோ ஒருவர் மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி போய்வருவார். அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கொள்ளும்படி இங்கே எழுதி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் ஏன் என்று பார்த்து மறுபடி எழுத வேண்டும். நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் வருஷக்கணக்காக அதைச் செய்து கைதேர்ந்திருந்தார்கள். அவர்களில் வெண்ணிலாவும் ஒருத்தி. மணப்பட்டில் வாக்கப்பட்டவள். அந்த வீட்டில் கட்டில் புருஷன் பாலாஜியுடையது, அடுப்படி மாமியாருடையது, டிவிக்கு எதிரே இருந்த நாற்காலி மாமனாருடையது. ஆபீசில் சன்னலோரத்து மேஜை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த இடம். அங்கே வந்து உட்கார்ந்தால்தான் மூச்சே வருகிறது என்று அவள் ஒளிக்காமல் சொல்வாள். ஆபீஸை மூடினால் மருமகள் வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது, வீட்டோடு கிடக்க வேண்டும் என்று மாமியார் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

இப்போது பூஜை விஷயத்துக்கு வருவோம். வருஷாவருஷம் ஆயுத பூஜையன்று கமலக்கண்ணன் பட்டு வேட்டியோடு வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தன் கையாலேயே சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டு வைப்பார். தராசுக்கு யார் பொட்டு வைக்கிறாரோ அவரே தராசுக்குச் சொந்தக்காரர் என்று நம்புகிற வம்சம் அது. இந்த வருஷம் அவர் வரவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னார். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேலையை ஏற்கெனவே சென்னையில் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு, இத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பொரி கடலை கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் படுத்துக்கிடந்தார். காத்துப் பார்த்துவிட்டு ஊழியர்களே பூசணிக்காய் உடைத்து, அவரவர் கம்ப்யூட்டருக்கு அவரவரே பொட்டு வைத்தார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பிரிட்டோ, மவுஸுக்கும் தனியாகச் சந்தனம் தடவினான். லாரிக்காரர்களிடம் வராத மவுஸ் அதுதான். மறுநாள் மறுபூஜை செய்து ஆயுதத்தைக் கையில் எடுக்க வேண்டும். லீவு என்று எல்லோரும் வீட்டில் இருந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கதவில் பூட்டு தொங்கியது, ஆபீஸ் மூடப்பட்டது என்று ஒரு நோட்டீசும் ஒட்டியிருந்தது.

படகுக்காரர்கள் விழுந்த அன்றுதான் கமலக்கண்ணன் உள்ளே வந்து பொட்டுகளைப் பார்த்தார். இரும்புக் கடைக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணிலாவுக்குப் போன் போட்டார். அவள் வந்து தன் மானிட்டரைச் சாப்பாட்டுத் தட்டை எடுப்பது மாதிரி ஒற்றைக் கையில் எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரன் புகழ்வேந்தனுடையதை அவளால் அசைக்க முடியவில்லை. அவன் வந்து தொட்டதும் அது எழும்பியது. "நான் பூஜைக்கு வந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லோரையும் வரவழைத்து, அவரவர் பொருளை லாரியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கும்பிடாத குறையாகக் கேட்டார். லாரியின் பின்கதவு திறந்திருந்தது. வெண்ணிலா மானிட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அதன் எதிரே நின்றாள். "அக்கா, ஏத்தாத. ஏத்துனா நம்ப கதை அவ்ளோதான்" என்றான் புகழ்வேந்தன். அவளுக்கு மாமியாரின் முகம் நினைவுக்கு வந்தது. "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மானிட்டரை மேஜையிலேயே வைத்தாள். மற்றவர்கள் எதையும் தொடவே இல்லை. லாரி காலியாகத் திரும்பியது. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஆபீஸ் ஊழியர்கள் உற்பத்திச் சாதனங்களைக் கைப்பற்றியது இப்படித்தான், கோஷம்கூட இல்லாமல்.

கைப்பற்றிய பிறகுதான் தலைவலி. சென்னைக்காரர் இணைப்பைத் துண்டித்துவிட்டார், கம்ப்யூட்டர்கள் கண் திறக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தினமும் காலையில் வந்து உட்கார்ந்தார்கள். கால்கள் தாமாக ஆடின. விரல்கள் மேஜையிலும் தொடையிலும் டிபன் பாக்ஸ் மூடியிலும் தட்டிக்கொண்டே இருந்தன. ஒருவர் எழுந்து சன்னலுக்குப் போனால் பின்னாலேயே எல்லோரும் எழுந்து போனார்கள், பிறகு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். கடலூர் ரோட்டு ஷோரூம்களில் வேலை கேட்டுப் போனவர்களுக்கு அந்தந்த முதலாளி பொட்டு வைத்திருந்த கீபோர்டில் ஒரு எழுத்துகூட அமுங்கவில்லை. முகம் தொங்கத் திரும்பி வந்தார்கள். புகழ்வேந்தனின் அப்பா நாகராஜன் ஒருநாள் பார்க்க வந்தார். மூடிப்போன ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டியவர். அந்த ஆலையைத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் உள்ளே புகுந்து பூட்டிக்கொண்டு தாங்களே ஓட்டினார்கள் என்பது அவர் வீட்டில் தினசரி சொல்லப்படும் கதை. அவர் கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "நாங்க மில்லைப் புடிச்சப்போ உள்ள பஞ்சு இருந்துது, நூலு இருந்துது. இதுல இன்னாடா நெய்வீங்க?" என்று கேட்டார். மகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுபூஜை செய்யவில்லையே என்று வெண்ணிலாவுக்குத்தான் உறைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பழைய பொட்டின்மேல் புதுப்பொட்டு வைத்து எல்லோரும் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள். விரலில் மிஞ்சிய குங்குமத்தைத் துடைக்க மனமில்லாமல் வெண்ணிலா தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். இணைப்பு இல்லாமலே கூடம் முழுக்கத் திரைகள் எரிந்தன. ஆனால் வெளிநாட்டு மூட்டுவலிகள் வரவில்லை. வெற்று விண்ணப்பம் ஒன்று நிரப்பச் சொல்லி நின்றது. நடவிலிருந்து எட்டிப்பார்த்த தையலம்மாள், "என் ஆபரேசன் காசு கேட்டு எழுதுனா தபா தபாவா திருப்பி அனுப்புறான்மா, அதையாச்சும் எழுதேன்" என்றார். வெண்ணிலா எழுதினாள். தையலம்மாள் வரப்பேறி வயலுக்குள் இறங்குவதற்குள் அனுமதி வந்துவிட்டது. அதற்கப்புறம் வெள்ளத்தில் போன பயிர், நின்றுபோன முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் விடுபட்ட பேர் என்று வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அங்கிருந்து போன மனு எதுவும் இன்றுவரை திரும்பி வந்ததில்லை. எதையெல்லாம் சாக்காக வைத்துத் திருப்புவார்கள் என்று கரைத்துக் குடித்தவர்கள் எழுதுவதால்தான் என்று சிலர் சொல்கிறார்கள். இணைப்பே இல்லாத கம்ப்யூட்டருக்கு எது பதில் கொண்டுவருகிறது என்று கேட்டால் அவர்களிடம் விளக்கம் இல்லை. ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல ஊழியர்கள் வேலைக்கும் கூலிக்கும் முறை வைத்துக்கொண்டார்கள். கடைச் சரக்கு நனைந்த வழக்கில் இன்ஷூரன்ஸ் கேட்டு கமலக்கண்ணனும் வந்தார், வரிசையில்தான் நின்றார்.

பாலாஜி வந்தது அதற்கும் பிறகு. டிராக்டரில் கரும்புக் கட்டு ஏற்றுகிறவன், நல்ல உடம்பு. அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். "முதலாளியே இல்லாத ஆபீசுல இன்னாடி வேலை? எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்று வெண்ணிலாவின் கையைப் பிடித்து இழுத்தான். கை வந்தது, ஆள் வரவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினான், மூச்சுப் பிடித்துக்கொண்டது. கூட வந்திருந்த தம்பியைக் கூப்பிட்டான், இரண்டு பேரும் சேர்ந்து தூக்கியும் அவள் புடவை முந்தானை மட்டும்தான் அசைந்தது. வரிசையில் நின்றவர்கள் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, யார் வைத்த பொட்டு என்று தெரிந்துகொண்டார்கள். வெண்ணிலா முதலில் பயந்துபோனாள். பிறகு தன் கனம் அவளுக்கே தெரிந்தது, அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். "வேலை முடிஞ்சதும் நானே வரேங்க. நீங்க போங்க" என்றாள். பாலாஜி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், "அவளா எழுந்து வந்தாத்தான் உண்டும்மா, யாராலயும் தூக்க முடியாது" என்று சொன்னான். அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கொஞ்சம் யோசித்தாள். "அப்போ சாயங்காலம் வர்றப்போ பால் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றாள். வெண்ணிலா ஆறு மணிக்கு எழுந்து, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.