விரல் பட்டு வெளுத்த இடம்

வெள்ளையாகத்தான் இருக்கிறது இன்னும், சுவரில் தொங்கும் தமிழ்நாட்டு வரைபடத்தின் தெற்கு ஓரத்தில், பொரித்த அப்பளம் அளவுக்கு, ஊரும் ஆறும் சாலையும் இல்லாத வெறும் வெள்ளை, அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு சோலையம்மாள் நிற்கிறாள், பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தும் விரல் அதே இடத்துக்குத்தான் போகிறது, கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று சும்மாவா சொன்னார்கள். இந்த அரசு கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஒரு வழக்கம் உண்டு, முதல் நாள் உள்ளே வருகிறவர்கள் வரைபடத்தில் தங்கள் ஊரைத் தொட்டுவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார வேண்டும், எந்த மகராசன் வைத்த சட்டமோ தெரியாது, வருகிற பிள்ளைகள் எல்லாம் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று ஒரே பக்கத்துப் பிள்ளைகள், நாற்பது வருஷமாகத் தொட்டுத் தொட்டு மை உரிந்து, எல்லார் ஊரும் மொத்தமாகக் காணாமல் போய்விட்டது, ஆனாலும் விட்டார்களா, வெள்ளையைத் தொட்டு இதுதான் எங்க ஊரு என்றார்கள், சோலையம்மாளும் அப்படித்தான் தொட்டாள், தொடுகிறாள், முதுகுக்குப் பின்னால் கரும்பலகையில் கலைப் பட்டதாரிகளுக்கு என்ன வேலை என்று கலர் சாக்பீஸில் எழுதியிருக்கிறது, கீழே சிறப்புப் பேச்சாளர் என்று அவள் பெயர், மூன்றாம் வருஷப் பிள்ளைகள் அறுபது பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கைப்பைக்குள் நாலு பக்கம் எழுதிவைத்திருக்கிறாள், அரசுத் தேர்வு, பி.எட்., சுற்றுலாத் துறை, தொல்லியல், எல்லாம் வரிசையாக இருக்கிறது, எடுக்கத்தான் கை போகவில்லை.

அவள் இங்கே சேர வந்த அன்றைக்குச் சேர்க்கை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, பி.காம். முடிஞ்சுபோச்சு, கம்ப்யூட்டர் முடிஞ்சுபோச்சு, ஹிஸ்டரி மட்டும் கெடக்கு, வேணுமா வேணாமா என்றார், லாரி செட்டில் மூட்டை ஏற்றுகிற அப்பா கருமலையான் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளைப் பார்க்கிறார், மகள் அப்பாவைப் பார்க்கிறாள், பின்னால் வரிசை தள்ளுகிறது, போடுங்க சார் என்றார் அப்பா, தியேட்டரில் டிக்கெட் தீர்ந்து கிடைத்த படத்துக்குப் போவதுபோலத்தான் அவள் வரலாற்றுக்குப் போனாள், அந்த மனுஷன் அன்றைக்கு நாளைக்கு வா என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அவர் நன்றாக இருக்கட்டும், பேர்கூடத் தெரியாது. அப்பாவோ பஸ் ஏறுவதற்குள் கதையை மாற்றிவிட்டார், சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் எம்மக பி.காம். படிக்கிறா என்று மூன்று வருஷம் கூசாமல் சொன்னார், கல்யாண வீடுகளில் சித்தப்பாமார்கள் பேங்க்ல எப்ப வேலைக்குப் போற என்று கேட்க, அவள் சாம்பாரைப் பார்த்துக்கொண்டே போகணும் சித்தப்பா என்பாள், பொய் அப்பா சொன்னது, முழித்தது இவள். படித்து முடித்ததும் அந்தப் பொய் வட்டியும் முதலுமாகச் சேர்ந்து வந்தது, ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டாலி தெரியுமா என்றார்கள், பள்ளிக்கூடத்தில் பி.எட். இல்லையா என்றார்கள், மதுரையில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ராஜா கதையெல்லாம் படிச்சிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம், அடுத்தவங்களை வரச் சொல்லுங்க என்றார், வெளியே வந்து வெயிலில் நின்று அவளும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் அழுதிருப்பாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் வந்தால் எடுத்துப் பேசுகிற சென்னை அலுவலகத்தில் எப்படியோ உள்ளே விட்டார்கள், அறிவியல் படித்தவர்கள்தான் வேண்டும் என்று விளம்பரத்தில் இருந்தது, இரண்டு பேர் வராமல் போனதால் இவளுக்கு இடம், ஆறு வாரம் பார்ப்போம் என்றார் மேற்பார்வையாளர் ஜெபராஜ், ஆறு வாரத்தில் தேறாவிட்டால் கமுதி பஸ், அத்தை வீட்டில் ஏற்கெனவே பேசிவைத்திருந்த மாப்பிள்ளை, அதோடு முடிந்தது, அந்த மாப்பிள்ளைமேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை, தன்னால் எதுவும் முடியவில்லை என்று ஊர் திரும்புவதைத்தான் தாங்க முடியாது. ஐந்தாவது வாரத்துக்குள் இரண்டு எச்சரிக்கை வாங்கிவிட்டாள், இரண்டும் ஒரே குற்றம், மூன்று நிமிஷத்துக்குமேல் பேசுகிறாள், எழுதிக்கொடுத்திருக்கிற கேள்விகளைத் தவிர வேறு கேட்கிறாள், இன்னொரு தடவைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா என்றார் ஜெபராஜ், கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும், தட்டில் பாதி தயிர் சோறு, மணி அடிக்கிறது, ஒரு ஆள் மூச்சு வாங்குகிறான், பொண்டாட்டிக்கு இடுப்பு வலி கண்டிருச்சு, வண்டி அனுப்புங்க, எந்த ஊர் என்று காகிதத்தில் இருக்கிறபடி கேட்கிறாள், கமுதிப் பக்கம் வெள்ளாங்குறிச்சி என்கிறான், அட, பக்கத்து ஊர்க்காரன், தட்டச்சு செய்தாள், திரையில் கமுதி வண்டி புறப்பட்டுவிட்டதாகப் பச்சை விளக்கு, வேலை முடிந்தது, போனை வைக்கலாம், அப்போதெல்லாம் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று திரை காட்டாது, சொன்னதுதான் வேதம். வைக்கப்போன நேரத்தில் அவன் பேச்சுக்குப் பின்னால் கேட்கிறது, தடக் தடக்கென்று, முடியாமல், ஐம்பது பெட்டியாவது இருக்கும், ஒரு கூட்ஸ் வண்டி. கமுதியில் ஏது ரயில்? அவள் கண்ணுக்கு முன்னால் வரைபடம் வந்து தொங்குகிறது, வெள்ளை அப்பளம், அதன் விளிம்பைத் தாண்டி எட்டத்தில் வளைந்து போகிற ரயில் பாதைக் கோடு, மூன்று வருஷம் அலுத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்த கோடு, விரல் எட்டாத தூரத்தில் இருந்ததால் அழியாமல் இருந்த கோடு. அவளுக்குப் புரிந்துவிட்டது, இவன் நிற்கிற இடத்தைச் சொல்லவில்லை, விரல் வைக்கிற இடத்தைச் சொல்லியிருக்கிறான், எந்த ஊர் என்று கேட்டால் நம்ம ஆட்கள் துபாயில் நின்றாலும் சொந்த ஊரைத்தானே சொல்வார்கள், அதிலும் பொண்டாட்டி வலியில் கத்தும்போது வேறு எந்த ஊர் வாயில் வரும்?

மூன்று நிமிஷம் தாண்டிச் சிவப்பு விளக்கு எரிகிறது, ஜெபராஜ் பின்னால் வந்து நிற்கிறார், அட்ரஸ் தெளிவா இருக்கே, லைனை விடும்மா என்கிறார், அவள் கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள், போகட்டும், கமுதி பஸ்தானே, ஏறிக்கொள்வோம், ஆனால் இவன் பொண்டாட்டி எங்கே ஏறுவாள். சென்னையில் பழக்கிவிட்ட பேச்சையெல்லாம் உதறிவிட்டுக் கேட்டாள், அண்ணே, நானும் கமுதிப் பக்கந்தேன், நம்ம ஊர்ல ஏதுண்ணே ரயிலு, இப்ப எங்கன நிக்கிறீக?

கூட்ஸ் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் உடைந்து வருகிறது, ஆத்தா, நான் அரியலூர்ப் பக்கம்ல நிக்கிறேன், கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட வந்தோம், எந்த ஊருன்னு கேட்டீக, எங்க ஊரைச் சொல்லிப்புட்டேன் ஆத்தா.

அரியலூர் எங்கே, கமுதி எங்கே, நடுவில் இருநூறு கிலோமீட்டர், பதறாதீக அண்ணே, ரயில்வே கேட்டு தெரியுதா, தெரியுது, அங்கன ஓடி கேட் கீப்பர்கிட்ட போனைக் குடுங்க என்றாள், ஓடினான், அவன் ஓடுகிற செருப்புச் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது, கேட் கீப்பர் நிதானமான மனிதர், கேட் நம்பரும் தூரமும் சொன்னார், அரியலூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், சிமெண்ட் ஆலைக்குப் போகிற பாதை, கமுதி வண்டியைத் திருப்ப அவளுக்கு அதிகாரம் கிடையாது, திருப்பினாள், அரியலூர் வண்டியை எழுப்பினாள், பதினேழு நிமிஷத்தில் அது போய்ச் சேர்ந்தது, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே வண்டிக்குள் பிள்ளை பிறந்துவிட்டது, பெண் பிள்ளை, தாயும் சுகம், அதை ஓட்டுநர் போனில் சொன்னபோது அவள் காய்ந்துபோன தயிர் சோற்றைப் பிசைந்துகொண்டு அழுதாள், வெட்கமே இல்லாமல் அழுதாள். சாயங்காலம் ஜெபராஜ் கூப்பிட்டு உட்காரவைத்து ஒலிப்பதிவை இரண்டு தரம் ஓடவிட்டார், இரண்டாம் தரம் கூட்ஸ் சத்தம் வருகிற இடத்தில் நிறுத்தினார், இதை நான் கவனிக்கவே இல்லைம்மா, நீ என்ன படிச்ச என்றார், பி.ஏ. வரலாறு சார் என்றாள், முதல் முதலாகக் குரல் தாழாமல் சொன்னாள். மறுவாரம் அவள் அடையாள அட்டையில் பயிற்சி என்ற சொல் இல்லை, அடுத்த விளம்பரத்தில் ஏதாவது ஒரு பட்டம் என்று இருந்தது, அப்பா கதையை மறுபடி மாற்றினார், பி.காம். எவனும் படிப்பான்யா, எம்மக வரலாறு என்று அதே சித்தப்பாமார்களிடம் சொல்லித் திரிகிறார், இன்றைக்கும் நிறுத்தவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்துவிட்டாள், இரட்டைச் சடை, பொறுமை போய்விட்டது போல, அக்கா, இதைப் படிச்சா என்னக்கா கிடைக்கும், எங்க வீட்ல இந்த வருஷத்தோட படிப்பு போதும்ன்றாக என்கிறாள், நாலு பக்கத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது இதற்குப் பதில், சோலையம்மாள் கைப்பையைத் தொடவில்லை, வரைபடத்தின் வெள்ளையிலிருந்து விரலை எடுத்தாள், மேலே கொண்டுபோனாள், மெதுவாக, ரயில் பாதைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அரியலூருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அங்கே மை கருப்பாக, புதிதாக இருந்தது, ஒருவரும் தொட்டதில்லை. எனக்கு இது கிடைச்சிச்சு ஆத்தா என்றாள், இங்கன பெறந்த ஒரு பிள்ளை இப்ப ஆறாங்கிளாஸ் படிக்கிறா, ஒக்காரு, மொத்தத்தையும் சொல்றேன்.

சொல்லி முடித்தபோது மணி அடித்திருந்தது, யாரும் கிளம்பவில்லை, அந்த இரட்டைச் சடைக்காரி முதலில் வந்தாள், எங்க வீட்ல வந்து இதைச் சொல்றீகளாக்கா என்று கேட்டாள், இன்னைக்கே வாரேன் என்றாள் இவள், அவள் தலையை ஆட்டிவிட்டு வரைபடத்துக்கு முன்னால் போய் முதல் நாள்போல வெள்ளையைத் தொட்டாள், பிறகு கொஞ்சம் யோசித்து, எட்டி, அரியலூரைத் தொட்டாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அதற்குப் பின்னால் ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு விரல், சோலையம்மாள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் நாற்பது வருஷம் போனால் அந்த இடமும் வெளுத்துவிடும்.