மூடியை இறுக்காதே

மரேய்கெயின் பௌலிங் கிளப் ஒவ்வோர் அக்டோபரிலும் மோசல் ஆற்றங்கரை ஊரான கோகெமுக்கு ஒயின் குடிக்கப் போகும். இந்த வருடப் பயணத்துக்கான சட்டைகள் ஜனவரியிலேயே அச்சாகிவிட்டன. மரேய்கெ, என் மனைவி, பிப்ரவரியில் இறந்துபோனாள்.

காலையில் ஹாகன் ஸ்டேஷனில் அவள் பேர் போட்ட சட்டையைக் குடுலா என் கையில் திணித்தாள். குடுலாதான் கிளப் தலைவி. போனிலேயே சொல்லியிருந்தாள்: "அவ இடத்துக்கு ஒரு பொண்ணு வரேங்கறா. நீ சரின்னு சொல்லாம சேக்க மாட்டோம். நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லு, தம்பி."

அந்தப் பெண் யோலாந்தா. முதுகில் பேர் இல்லாத சட்டை. ரயிலில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் கோப்ளென்ஸ்ல இறங்கித் திரும்பிடறேங்க."

"வேண்டாம்."

சட்டையைப் பையின் அடியில் வைத்தேன்.

கோகெமில் மூடுபனி விலகி மலைமேல் கோட்டை தெரிந்தது. யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பிறகு ஒரு ஒயின்காரர் வீட்டு முற்றத்தில் வெங்காயக் கேக்கும் புது ஒயினும் வந்தன. எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். நான் மேஜையைப் பார்த்தபடி என் கோப்பையை மற்றவர்கள் கோப்பையோடு முட்டினேன்.

"ஏய், கண்ணப் பாத்து முட்டுப்பா!" என்றாள் குடுலா. "இல்லன்னா ஏழு வருஷத்துக்குக் கட்டில் சுகம் கெடையாது!"

மேஜையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. குடுலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல," என்றேன். "அந்த ஏழு வருஷம் ஏற்கனவே ஆரம்பிச்சாச்சு."

யாரும் சிரிக்கவில்லை. யோலாந்தா மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் கேக்கைத் தின்றேன்.

கிளம்பும்போது எல்லோரும் வீட்டுக்கு ஒரு புட்டி புது ஒயின் வாங்கினார்கள். இன்னும் நொதித்து முடியாததால் அது புட்டிக்குள்ளும் பொங்கிக்கொண்டே இருக்கும். மூடியைத் தளர்வாகத்தான் விடுவார்கள். சாய்த்தால் கொட்டிவிடும். மரேய்கெ ஒவ்வொரு வருடமும் எனக்காக ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்தபடியே ஊர்வரை வருவாள். கால் மரத்துப்போய், ஸ்டேஷனில் நொண்டிக்கொண்டு இறங்குவாள். "உனக்குக் குடிக்கத்தான் தெரியும்" என்பாள்.

நான் வாங்கவில்லை.

திரும்பும் ரயிலில் குடுலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னப்பா, ஒண்ணுமே சொல்லலியே?"

பதிலுக்குத் தலையை நிமிர்த்தினேன். மேலே பை வைக்கும் தட்டில் யோலாந்தாவின் புட்டி படுத்துக் கிடந்தது.

"அது எப்படிக் கொட்டாம இருக்கு?"

"மூடி லொடலொடன்னு இருந்துச்சு," என்றாள் எதிரே இருந்த யோலாந்தா. "நல்லா இறுக்கிட்டேன்."

எழுந்து எடுத்தேன். பிளாஸ்டிக் புட்டி கல்போல விறைத்திருந்தது. மூடியைத் திருகியதும் சீறிக்கொண்டு பீய்ச்சியது. யோலாந்தா தலைமுதல் இடுப்புவரை நனைந்தாள். பெட்டி முழுக்கப் புளித்த திராட்சை வாசனை. எங்கள் சமையலறையின் அக்டோபர் வாசனை.

பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். குடுலா என் பையில் கைவிட்டுச் சட்டையை உருவினாள். "நடுங்குறா பாரு. இந்தாம்மா, இதப் போட்டுக்..."

"அது வேண்டாம்."

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"இடத்த இவங்க எடுத்துக்கட்டும். சட்டை என்னுது."

குடுலா பேர் உள்ளே போகும்படி அதை மடித்து என் மடியில் வைத்தாள். தன் கோட்டைக் கழற்றி யோலாந்தா மேல் போர்த்தினாள்.

"இன்னும் பாதி இருக்கு," என்றாள் யோலாந்தா, மெதுவாக. "எப்படிப் பிடிக்கணும்?"

"முழங்காலுக்கு நடுவுல. நிமித்தி. மூடிய இறுக்காதீங்க."

அப்படியே பிடித்தாள். சரியாகத்தான் பிடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே இருட்டிவிட்டிருந்தது. கண்ணாடியிலும் அந்த முழங்கால்கள்தான் தெரிந்தன.