சுறாவுக்கு எழுந்து நின்ற தேங்காய்

புதுச்சத்திரம் சுப்பம்மாளின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றால் அடியில் தண்ணீர் உண்டு. கையை விட்டு ஓர் அடி மேலே போய் அந்தரத்தில் நின்றால் பக்கத்தில் சுறா உண்டு. முதலாவது ஊரறிந்த சங்கதி. இரண்டாவது போன மே மாதம்தான் தெரியவந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அவர் குறித்துக் கொடுத்த இடங்களில் நானூற்றுச் சொச்சம் போர்வெல் ஓடுகிறது, வெறும் புழுதி வந்தது ஏழோ எட்டோதான். ஆனால் அவருடைய சொந்த விவசாயக் காட்டுக் கிணற்றில் காக்காய் குளிக்கக்கூடத் தண்ணீர் இருந்ததில்லை. நீரோட்டம் பார்க்கிறவருக்குத் தன் காட்டில் தேங்காய் எழாது. அது அப்படித்தான், இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

சுப்பம்மாளுக்கு இருந்தது ஒரே ஆசை. கடலில் இறங்கி முங்கி எழ வேண்டும். ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டிய மனுஷி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதில்லை என்றால் யார் நம்புவார்கள்? கல்யாணமான வாரமே வீட்டுக்காரர் சென்னியப்பன் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தார்தான். ஆனால் அவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டி டிரைவர். உலகம் லீவு விடுகிற கோடையில்தான் ரிக்குக்கு வேலை. மே மாதம் பிறக்கும், அவர் ஆந்திராவிலோ ராஜஸ்தானிலோ குழி போட்டுக்கொண்டிருப்பார். இப்படியே இருபத்தொன்பது மே போனது. அவர் வண்டியை விட்டு இறங்கிய வருஷம், வேனெல்லாம் பேசி முடித்த பிறகு, மகள் மைதிலியின் போனில் சுப்பம்மாள் ஒரு சுறா வீடியோவைப் பார்த்துத் தொலைத்தார். பல்லா அது, அரிவாள் பட்டறை.

"ஏனுங்க, நான் வரலீங்க. கடலு அங்கயே இருக்கட்டும், நான் ஊட்லயே இருந்துக்கறேன்" என்றார். மைதிலிதான், எங்கே எப்போது இறங்குவது என்று பார்த்து இறங்கினால் ஒன்றும் ஆகாது என்று நாலு நாள் போனைப் படித்துக் காட்டினாள். சுப்பம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குடுமியோடு ஒரு தேங்காயை மடியில் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார். நிலத்துக்குள் இருப்பதைக் காட்டுகிற காய் கடலுக்குள் இருப்பதைக் காட்டாதா என்பது அவர் கணக்கு.

முதலில் போனது ஆறு கடலில் கலக்கிற இடம். தண்ணீர் டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது, கரையில் மீன் அறுத்துக் குடலைத் தண்ணீரிலேயே வீசிக்கொண்டிருந்தார்கள், பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து பாய்ந்து எழுந்தன. சுப்பம்மாள் கையை நீட்டியதும் தேங்காய் எழுந்து, ஓர் அடி மேலே போய், குடுமியைக் கடல் பக்கம் திருப்பி நின்றது. சுண்டல்காரர் தலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து போனார். மீன் அறுத்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "காய் சரியாத்தான் சொல்லுது. கலங்கல் தண்ணி, மீன் கழிவு, சுறா வரத்தான் செய்யும். ஆனா ஆளை இழுக்கிறது சுறாவைவிட அலைதான் தாயி. விசில் வெச்சுக் காவல் நிக்கிற கரையாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். இரண்டாவது கரையில் தண்ணீர் தெளிவு, காவலும் இருந்தது. போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தேங்காய் அரை அடி ஏறி யோசித்தது. இது சுறாக்கள் இரை தேடுகிற நேரம் என்று மைதிலி வேனைத் திருப்பச் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்றாவது கரை. கொடி நட்டு, விசிலோடு இரண்டு பேர் நின்றார்கள், கொடிகளுக்கு நடுவில் நல்ல கூட்டம். தேங்காய் அசையவில்லை. கால் மணி நேரம் கழித்துப் புரண்டு படுத்து லேசாகக் குறட்டை விட்டது. சுப்பம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். அப்போதுதான் மைதிலி, "அம்மா, மினுக்குற நகை ஆவாது. மீனுன்னு நெனச்சு வந்துருமாம்" என்றாள். வளையல், மூக்குத்தி எல்லாம் கழன்று வந்தது. தாலிக்கொடியில் கை நின்றுவிட்டது.

"தாலியக் கழட்டச் சொல்ற சுறா எந்தூர்ல இருக்குது சாமி?" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் காத்து, முப்பது அடி தள்ளி கடல். சென்னியப்பன் ரோட்டுக் கடைக்குப் போய் ஒரு மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிவந்தார். "எந்திரி புள்ள" என்றார். கயிற்றில் மஞ்சளைக் கோத்து, கடலைப் பார்த்து நிறுத்தி மூன்று முடிச்சுப் போட்டார். காவல்காரர்கள் விசில் ஊதினார்கள், கூட்டம் சுண்டல் கடைப் பொரியை வாங்கி அட்சதையாகத் தூவியது. தங்கத் தாலிக்கொடியைக் கழற்றி மைதிலியிடம் கொடுத்துவிட்டு, இருவரும் கைகோத்து இடுப்பளவு போய் முங்கினார்கள். எழுந்த சுப்பம்மாள் சிரித்த சிரிப்பில் தேங்காய் முழித்துக்கொண்டது. அன்று அவர் முங்கியது அறுபது தடவைக்கு மேல். சந்தோஷம் தாங்காமல் சென்னியப்பன் கொஞ்சம் அழுதார்.

ஊர் திரும்பிய எட்டாம் நாள் அவர்கள் காட்டுக் கிணற்றில் தண்ணீர் வந்தது. உப்பு இல்லை. தினமும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது, படிக்கட்டில் சின்ன அலை அடிக்கிறது. மோட்டார் போடுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் நேரம் பார்த்து வருகிறார்கள். குளிக்க வருகிற பெண்களிடம், வளையலைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், எதற்கும் இருக்கட்டும் என்கிறார் சுப்பம்மாள். தேங்காய் மேட்டில் தூங்குகிறது. அதன் பக்கத்தில் சென்னியப்பன் கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருக்கிறார்.